மூச்சு வாங்கிய சுவர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கு,

குழந்தையின் எடை பார்க்கவும், தாயின் இரத்த அழுத்தம் பார்க்கவும், தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்கவும் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைப் பார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை.

இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனால் குடும்பநல உத்தியோகத்தராக லயத்துக்கு லயம் ஏறி இறங்கும் வேலை எனக்கு முடிந்துவிட்டது. இனி பயிற்சி நிலையத்தில் வகுப்பெடுக்கப் போகிறேன். கால் ஓய்ந்தவள் வாய் திறக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கந்தப்பளைப் பக்கத்தில் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த தேயிலைத் தோட்டம், நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த மலையில் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் பெருவிரல்தான் வைப்பார். வெள்ளைச் சீருடையோடு நான் முதல் நாள் வேலைக்குப் போனபோது, அம்மா கொழுந்துக் கூடையோடு எதிரே ஏறி வந்தார். "மிஸ், கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பின்னால் வந்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பெருமையை நான் எங்கும் மறைத்ததில்லை. அது எனக்கு எந்த இடத்தில் குறுக்கே நின்றது என்பதும் இந்தக் கதையில் வருகிறது.

தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற அறையை நாம் காம்பரா என்கிறோம். மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் சுகந்தி என்ற பெண் இருந்தாள். அவள் கணவன் கந்தப்பளையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவன். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, அபிஷா. தவழ ஆரம்பித்திருந்த வயது. எடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது முறை நான் போனபோதும் குழந்தைக்கு இழுப்பு. மார்பு உள்ளே குழிந்து குழிந்து எழும்பியது.

"தடிமன்தான் மிஸ். மழை விட்டா சரியாயிரும்" என்றாள் சுகந்தி. சொல்லும்போது அவள் கண் என் முகத்தில் இல்லை. எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தது.

நான் திரும்பினேன்.

பின்சுவரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு முதலில் தோன்றியதை அப்படியே சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. கீழே அகலமாக, முழங்காலை மடக்கி அமர்ந்தது போல ஒரு கறுப்பு. அதற்கு மேலே இரண்டு தோள். தோளுக்கு மேல் நீளமான கழுத்து. தலை மட்டும் தெரியவில்லை. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டாமல் இருக்க அறை முழுக்கப் பொலித்தீன் கட்டியிருந்தார்கள். கழுத்து அந்தப் பொலித்தீனுக்கு மேலே போய் மறைந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பூஞ்சணம்தான். விரலை வைத்தால் வழவழவென்று குளிர்ந்தது. காலடியில் ஒரு சின்ன விளக்கு, குங்குமம், வாடிய செவ்வந்தி.

"இது யாரு?" என்று கேட்டேன். 'இது என்ன' என்று கேட்க நினைத்த வாய் அப்படித்தான் கேட்டது.

"ராக்கம்மா" என்றாள் சுகந்தி, மெதுவாக. "இந்தக் காம்பராக்காரங்க. இங்கதான் செத்தாங்களாம், இழுப்புல. நான் மூணு தடவ கழுவிட்டேன் மிஸ். கழுவுன இடத்துலயே வந்து அதே மாதிரி உக்காருறாங்க. காத்து ஏறுற நேரத்துல மூச்சு வேற விடுறாங்க."

"சுவரா?"

"நீங்க சாயங்காலம் வரைக்கும் இருந்து கேளுங்களேன்."

நான் இருந்தேன். பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வாசலை மறைத்ததும் காற்று வந்தது. காற்றோடு அந்தச் சத்தமும் வந்தது. நெஞ்சுச் சளியோடு ஒரு வயதான பெண் இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது போன்ற சத்தம், சுவருக்குள்ளிருந்து. அது நிற்கும் இடைவெளியில் குழந்தையின் இழுப்பு கேட்டது. பிறகு சுவர். பிறகு குழந்தை. ஒன்று கேட்க, மற்றது பதில் சொல்வது போல.

தங்கைகளே, நான் விஞ்ஞானம் படித்தவள். அன்று லயத்துப் படியை நான் கொஞ்சம் வேகமாகத்தான் இறங்கினேன்.

அடுத்த நாளிலிருந்து சுவருக்குப் பொறுப்பானவரைத் தேடினேன். இந்த வேலையில் நீங்களும் அடிக்கடி இதைத் தேடுவீர்கள், அதனால் நான் யார் யாரிடம் போனேன் என்று சொல்கிறேன்.

முதலில் சுகந்தி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிராதீங்க மிஸ். நாங்க வாடகைக்கு இருக்கோம். தோட்டத்துல எங்களுக்கு வேலை இல்ல. தெரிஞ்சா அன்னைக்கே சாமானத் தூக்கி வெளிய போட்ருவாங்க. டவுன்ல ரூம் எடுக்க எங்களால முடியுமா?"

காம்பராவை அவளுக்கு வாடகைக்கு விட்டவர் ராக்கம்மாவின் மகன் சிவகுமார். கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை. தொலைபேசியில் பேசினேன்.

"வீடு தோட்டத்தோடது மிஸ். கூரை ஒழுகுனா அவங்கதான் பாக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதோட, அங்க எங்கம்மா இருக்காங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. செவுத்துல யாரும் கை வைக்க வேணாம்" என்றார்.

அடுத்து சின்னத்துரை, அதாவது தோட்டத்தின் உதவி நிர்வாகி. சிங்களவர், வயதில் என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம். தமிழ் நன்றாகவே பேசுவார். யார் வீடு என்று சொல்லாமல், மேல் லயத்தில் ஒரு சுவர் ஓதம் ஏறிக் கெட்டுக் கிடக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"கடைசிக் காம்பராவா? அது ராக்கம்மா பேர்ல இருக்கு. வேலை செய்றவங்க வீடுன்னா நாங்க பாப்போம். இவங்க செத்துட்டாங்க. உள்ள மராமத்து எல்லாம் பேர் உள்ளவங்க பொறுப்பு."

"பேர் உள்ளவங்கதான் செத்துட்டாங்களே, தொரை?"

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார். "அங்க ஏதோ பேய்னு வேற சொல்றாங்க. நான் ஆள் அனுப்பி செவுத்த ஒடைச்சா, நாளைக்கு ஒங்க ஆளுங்கதான் என்னைய பிடிப்பாங்க."

இறங்கி வரும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, முதுகில் குளிரும் ஓடியது. மூன்று பேரும் சேர்ந்து ஒரே இடத்துக்குத்தான் விரலை நீட்டியிருந்தார்கள். அந்த வீட்டுக்குப் பொறுப்பு ராக்கம்மா. அவரோ சுவரில் உட்கார்ந்திருக்கிறார்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதுமே என்று நீங்கள் நினைப்பீர்கள். சட்டப்படி அதுதான் வழி, பல இடங்களில் நானே அந்த வழியில் போயிருக்கிறேன். இங்கே எழுதினால் என்ன நடக்கும்? அவர் வருவார், தோட்டத்துக்கு அறிவித்தல் போகும், தோட்டம் முதலில் கேட்கிற கேள்வி 'உள்ளே இருப்பது யார்' என்பதாக இருக்கும். சுவர் காய்வதற்கு முன்னால் குழந்தை தெருவில் நிற்கும். எழுதாவிட்டால் குழந்தை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். இரண்டில் எது சரி என்று சொல்ல எந்தக் கையேடும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் யோசித்துக்கொண்டே சில நாட்களைக் கடத்தினேன். மழையோ விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் எடை பார்த்துக்கொண்டிருந்தபோது சுகந்தியின் கணவன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியதில் அவனால் பேச முடியவில்லை. மேலே கையைக் காட்டினான்.

நான் ஏறிப் போனபோது காம்பராவுக்குள் ஆளே தெரியாத அளவுக்குப் புகை. சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி. லயத்துப் பெண்கள் பத்துப் பேருக்கு மேல் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தார்கள். முன்னால் பக்கத்துக் காம்பரா தெய்வானை அக்கா, தலைமுடியை விரித்துவிட்டு, வேப்பிலையோடு. அவர் மடியில் அபிஷா. உதட்டு ஓரம் நீலம் பாரித்திருந்தது.

சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, புள்ளையத் தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றேன்.

"கும்பிட்டு முடியல மிஸ்ஸு." அவர் திரும்பக்கூட இல்லை. "ராக்கம்மா புள்ளையக் கேக்குறா. சொல்லாம கொள்ளாம தூக்கிட்டுப் போனா வழியிலயே எடுத்துக்குவா. அப்புறம் நீங்களா பதில் சொல்வீங்க?"

"பூசணத்துக்கா கும்பிடுறீங்க?" என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அங்கே இரண்டு கட்சி ஆகியிருக்கும். நான் குழந்தையைப் பிடுங்கியிருக்க வேண்டும், அவர்கள் மறித்திருப்பார்கள், வாதம் வளர்ந்திருக்கும். எவ்வளவு நேரம்? குழந்தையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் எங்களிடம் இல்லை.

நான் செருப்பைக் கழற்றினேன். வெள்ளைச் சீருடையோடு அந்த ஈரச் சிமெந்தில் மண்டியிட்டேன். நான் படித்த ஒவ்வொரு வகுப்பும், பாஸ் பண்ணிய ஒவ்வொரு பரீட்சையும் எனக்குப் பின்னால் வந்து நின்று பார்ப்பது போலிருந்தது. கையைக் கூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சுவரிடம் சொன்னேன்:

"ராக்கம்மாக்கா, நான் ராமாயி மக. அடுத்த தோட்டம். புள்ளைக்கு மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். மூச்சு முட்டுனா எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியும். வழி விடுங்க."

சுவர் ஒருமுறை நீளமாக இழுத்தது. பிறகு காற்று அடங்கியிருக்க வேண்டும். சத்தம் நின்றது.

தெய்வானை அக்கா குழந்தையின் நெற்றியில் விபூதியை இட்டு, இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் தந்தார். "உத்தரவு தந்துட்டா. ஓடுங்க" என்றார்.

முச்சக்கரவண்டியில் நுவரெலியாவுக்குப் போகும் வழியெல்லாம் நான் குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்து கொடுத்தார்கள். நீலம் மெல்ல வடிந்தது. டாக்டர் சுகந்தியிடம் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் ஈரச் சுவர் இருக்கிறதா என்பதுதான். "அந்த ரூமுக்குத் திரும்பக் கொண்டு போகாதீங்க. அடுத்த தடவை நேரத்துக்கு வந்து சேருவீங்கன்னு சொல்ல முடியாது" என்றார்.

சுகந்தி தலையாட்டினாள். வெளியே வந்ததும், "வேற எங்க மிஸ் போறது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்பது போலக் கேட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றே சிவகுமாரை அழைத்தேன். சுவர் யாருடையது என்று இந்த முறை கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் சமைத்த அடுப்பைச் சொந்த இரத்தம்தான் தொட வேண்டும். வேறு ஆள் அதில் தீ மூட்டக்கூடாது, இடிக்கவும் கூடாது. அந்தக் காம்பராவில் அடுப்பே இல்லை, சுகந்தி முன் திண்ணையான இஸ்தோப்பில் வைத்துத்தான் சமைத்தாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய லயத்தில் அடுப்பில்லாத காம்பரா ஏது?

"அண்ணே, அம்மாவோட அடுப்பு எங்க?" என்று கேட்டேன்.

"செவுத்துக்குள்ள" என்றார்.

"அப்ப அந்தச் செவுத்துல கை வைக்க ஒங்க ஒருத்தருக்குத்தான் உரிமை. வாங்க."

அவர் வந்தார். நானுஓயாவில் ரயிலிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, மறுநாள் காலை லயத்துப் படியில் ஏறி வந்தவரின் ஒரு கையில் பயணப் பை. மறு கையில் ஒரு சாய வாளி. இளநீலம்.

குழந்தையை ஆஸ்பத்திரியில் கணவனிடம் விட்டுவிட்டு சுகந்தியும் வந்திருந்தாள். லயமே இஸ்தோப்பில் கூடியிருந்தது. தெய்வானை அக்கா தேங்காய் பழத்தோடு தயாராக நின்றார்.

"இது எதுக்குண்ணே?" என்று வாளியைக் காட்டினேன்.

"அடிச்சு விட்டுட்டுப் போறேன் மிஸ். ரெண்டு கோட்டு அடிச்சா போயிரும்."

"போயிரும்னு எப்படித் தெரியும்?"

"எப்பவும் போயிரும். தீவாளிக்குத் தீவாளி நான்தானே வந்து அடிப்பேன்."

சொல்லிவிட்டு வாளியின் மூடியைத் திறக்கக் குனிந்தார். நான் அடுத்த கேள்வியைக் கேட்க எண்ணவில்லை. அது தானாக வந்தது.

"தீவாளிக்குத் தீவாளியா? அம்மா இருக்கையிலயா?"

அவர் கை மூடியிலேயே நின்றுவிட்டது. குனிந்தபடியே இருந்தார்.

"அம்மா இருக்கையிலதான்" என்றார் கடைசியில். "கூரைக்குத் தகரம் மாத்துன வருஷத்துலருந்து. வீட்டுக்குள்ள காத்து எறங்குது, குளிருதுன்னு அம்மா சொன்னாங்க. அடுப்புக்கு மேல இருந்த புகைக்கூண்டு வழியாத்தான் எறங்குச்சு. நான்தான் செங்கல் வச்சு அடுப்பு வாயையும் சேத்துப் பூசினேன். அம்மா கட்டில அதுக்கிட்டயே போட்டேன், அங்கதான் குளிர் அடிக்காதுன்னு. அடுத்த தீவாளிக்கு வந்தப்ப செவுத்துல கறுப்பா இருந்துச்சு. பெயின்ட் அடிச்சேன். அதுக்கடுத்த வருஷமும் இருந்துச்சு."

"இதே மாதிரியா? உக்காந்திருக்க மாதிரியா?" சுகந்தி கேட்டாள்.

அவர் சுவரைப் பார்த்தார். அன்று வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இதேதான்."

தெய்வானை அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "என்னடா சொல்ற சிவா? ஒங்கம்மா இந்தக் கட்டில்ல படுத்திருக்கும்போது, அவ ஆவி செவுத்துல உக்காந்து அவளையே பாத்துக்கிட்டு இருந்துச்சா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேய் இருக்கிறது என்று அவர்கள் சொன்னபோது இல்லாத பயம் அப்போது வந்தது. செத்த பிறகு வந்தவள் என்றால் கற்பூரம் கொளுத்தி அனுப்பிவிடலாம். இது சாவுக்கு முன்னாலேயே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, காத்திருந்திருக்கிறது. ராக்கம்மா போன பிறகும் எழுந்து போகவில்லை. அடுத்ததாக அந்த இடத்தில் படுக்க ஒரு குழந்தை வந்தது.

சிவகுமார் சாய வாளியை வாசலுக்கு வெளியே வைத்தார். "இடிக்க ஒரு அலவாங்கு இருக்கா?" என்று கேட்டார்.

முதல் குத்தில் சாயம்தான் பெயர்ந்தது. பெயர்ந்த துண்டு விரல் தடிப்புகூட இல்லை, ஆனால் அதன் ஓரத்தில் வரி வரியாகத் தெரிந்தது: நீலம், அதற்குள் கறுப்பு, பச்சை, கறுப்பு, றோஸ், கறுப்பு. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு நிறத்தையும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் குத்தினார்.

செங்கல் உள்பக்கமாக விழுந்தபோது, கட்டிக் கிடந்த ஒரு காற்று அறைக்குள் வந்தது. மண்ணும் புகையும் பழந்துணியும் கலந்த மணம். பெண்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். உள்ளே நனைந்த புகைக்கரி, கணுக்கால் உயரத்துக்கு. அதன் நடுவே ராக்கம்மாவின் அடுப்புக் கல் மூன்றும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் வெள்ளை வெளேரென்று, பஞ்சு போல, முடி போல ஏதோ வளர்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் அது அசைந்தது. காற்றுதான். ஆனால் சுகந்தி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் சின்னத்துரை வந்து சேர்ந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் காவல்காரர். வாசலில் நின்றபடியே, "யாரு தோட்டத்துச் செவுத்த ஒடைக்கச் சொன்னது? இவங்க யாரு?" என்று சுகந்தியைக் காட்டினார்.

பழக்கதோஷம், எல்லோருடைய கண்ணும் சுவரில் ராக்கம்மா இருந்த இடத்துக்குப் போனது. மடிக்கு நடுவே இப்போது ஒரு ஓட்டைதான் இருந்தது.

"நான்தான் தொரை ஒடைக்கச் சொன்னேன்" என்றேன். "புள்ளை ஆஸ்பத்திரியில இருக்கு. இந்தச் செவுருதான் காரணம். எழுதித் தரச் சொன்னாலும் எழுதித் தர்றேன், என் பேர் போட்டு."

"நீங்க சுகாதார டிப்பார்ட்மென்ட். கட்டடம் ஒங்க வேலை இல்ல."

"மிஸ்ஸ விடுங்க தொரை." அலவாங்கை ஊன்றிக்கொண்டு சிவகுமார் நிமிர்ந்தார். முகமெல்லாம் கரி. "ஒடைச்சது நான். காம்பராவ வாடகைக்கு விட்டதும் நான்தான். அடுப்ப மூடுனது, மேல மேல சாயம் அடிச்சது எல்லாம் நான். என் பங்க நான் சொல்லிட்டேன். மேல பாருங்க."

அவர் அலவாங்கின் நுனியால் பொலித்தீனைக் கிழித்தார்.

அதுவரை யாரும் அந்தப் பொலித்தீனைத் தூக்கிப் பார்த்ததில்லை. கழுத்துக்கு மேலே என்ன முகம் இருக்கும் என்ற பயம். நானும் பார்த்ததில்லை. இப்போது எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கழுத்து முடிந்த இடத்தில், புகைக்கூண்டின் கல் உடைந்து விலகியிருந்தது. தகரம் மாற்றியவர்கள் அதைச் சுற்றி வெட்டிப் போட்டுவிட்டு, மேலே மூடி வைக்காமல் போயிருக்கிறார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிடி சாம்பல் நிற வானம் தெரிந்தது. அதற்குள் மூட்டம் நகர்ந்தது. காற்று அந்த விளிம்பில் உரசும்போது மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. அந்த வழியாக இறங்கிய மழைதான் மூடிய அடுப்புக்குள் தேங்கிச் சுவரை நனைத்திருக்கிறது.

"இந்தத் தகரம் போட்டது யாருன்னு நீங்க சொல்லுங்க தொரை" என்றார் சிவகுமார். "எங்கம்மா இழுப்புல செத்தாங்க."

சின்னத்துரை பார்த்துக்கொண்டே நின்றார். மேலிருந்து ஒரு துளி விழுந்து அவர் சப்பாத்துக் காலுக்குப் பக்கத்தில் தெறித்தது. தகரம் மாற்றிய காலத்தில் அவர் இந்தத் தோட்டத்துக்கு வந்திருக்கவில்லை. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. காவல்காரரிடம் திரும்பி, "ஸ்டோர்ல இருந்து ஒரு தகரமும் ரெண்டு ஆளும் கொண்டு வா. இப்பவே" என்றார். சுகந்தி யார் என்று மறுபடியும் கேட்கவில்லை. வாடகை என்று காதில் விழுந்ததை அவரும் கிளறவில்லை, நாங்களும் கிளறவில்லை. மழைக்காலம் முடியும் வரை அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. பிறகு, சிவகுமார் தானே போய்ப் பேசி, அந்தக் குடும்பம் இருப்பதற்குத் தோட்டத்தின் சம்மதத்தை வாங்கினார். அதற்கு நானும் மூன்று முறை மலை ஏற வேண்டியிருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு வீட்டில் பேய் இருக்கிறது என்று சொன்னால், இல்லை என்று வாதாடாதீர்கள். அந்தப் பேய் வந்து உட்கார்ந்ததால் யார் யாருக்கு வேலை மிச்சமாகியிருக்கிறது என்று பாருங்கள். யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். அதை விட்டுவிட்டு, 'நீங்கள் இந்தச் சுவருக்கு என்ன செய்தீர்கள்' என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். புதிதாகச் சாயம் அடித்த சுவரைக் கண்டால் அதற்கு முன்னால் எப்போது அடித்தது என்று விசாரியுங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: முதலில் குழந்தையை வெளியே கொண்டு வாருங்கள். அதற்காக யார் காலில் விழ வேண்டியிருந்தாலும் விழுங்கள்.

அபிஷாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தபோது தெய்வானை அக்கா வாசலிலேயே மறித்து, "செவுரு காயிற வரைக்கும் புள்ள என் வீட்டுல" என்று வாங்கிக்கொண்டார். அவர் வீட்டில் ஊதுபத்தி கூடக் கொளுத்தக்கூடாது என்று நான் சொன்னதற்கு, "மிஸ்ஸு சொன்னா சரி, ராக்கம்மாவே ஒங்க பேச்சக் கேட்டவ" என்றார். கிண்டலா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேலே தகரம் வைத்து, காற்று மட்டும் போக வழி விட்டு, அடுப்பைச் சுத்தம் செய்த பிறகு, சுவர் காய வேண்டும் என்பதற்காகச் சிவகுமாரே அதில் தீ மூட்டினார். விடுப்பு முடிந்து கொழும்புக்குப் போக வேண்டிய நாள் அது. அன்று மாலை நானும் அங்கே இருந்தேன். சூடு ஏற ஏறச் சுவரிலிருந்து ஆவி எழுந்தது. அடுப்பு வாயைச் சுற்றி மிஞ்சியிருந்த உருவத்தில் முதலில் கழுத்து மங்கியது, பிறகு தோள். மடக்கிய முழங்கால் மட்டும் நெடுநேரம் இருந்தது. சிவகுமார் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மிஸ்" என்றார். "மொத வருஷம் கறுப்பப் பாத்தப்பவே, சாயம் அடிக்காம இத ஒடைச்சிருந்தா, அம்மா இருந்திருப்பாங்களா?"

என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அறிந்தது. அம்மாவே அதைச் சொல்லிக் கேலி செய்வார். சிவகுமாருக்கு ஆறுதலாக ஒரு பொய்யும் என் கையில் இருந்தது. ஒரு உண்மையும் இருந்தது, ஆனால் அது உண்மைதான் என்று எனக்கு உறுதியில்லை.

"தெரியலண்ணே" என்றேன்.

பக்கத்துக் காம்பராவில் அபிஷா இருமினாள். சிவகுமார் கையில் விறகோடு அப்படியே நின்றார். சுகந்தி எழுந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தெய்வானை அக்காவின் பேச்சும் நின்றது. எல்லோரும் காது கொடுத்துக் கேட்டோம், அடுத்த மூச்சு வரும்வரை. அது இழுப்பே இல்லாமல் வந்தது.